மில்லில் கிடைத்த துண்டு என்ன மரம், அதில் என்ன கடையலாம்?

கேள்வி சுருக்கமாக: குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் வீடு. 18 அங்குல நீளம் பிடிக்கும் சின்ன லேத் (மரம் கடையும் இயந்திரம்) வாங்கியாயிற்று. அறுப்பு மில்லிலும் விறகுக்கடையிலும் சாக்குக் கணக்கில் துண்டு மரம் கிடைக்கிறது. எது என்ன மரம் என்று தெரியவில்லை. பம்பரம், குங்குமச் சிமிழ், கிண்ணம், பூரிக்கட்டை, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை செய்ய ஆசை. எதை எதற்கு எடுப்பது?

நிறத்தை வைத்து மரம் சொல்லப் போகாதீர்கள். புதிதாக அறுத்த பிலா (பலா) பளீர் மஞ்சள். வெளிச்சத்தில் கிடந்தால் சில மாதங்களில் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிவிடும். மாவும் ரப்பரும் பூஞ்சை பிடித்தால் இரண்டும் ஒரே சாம்பல். வாகையின் வெள்ளைப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தால், வைரத்தை (நடுவிலுள்ள கருத்த, முதிர்ந்த பகுதியை) மட்டுமே பார்த்துப் பழகிய தச்சருக்குக்கூட உடனே பிடிபடாது. கடைசலுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: துண்டு எவ்வளவு கனம், அதன் நுண்துளைகள் பெரியவையா சிறியவையா, நார் நேராகப் போகிறதா மாறி மாறிச் சாய்கிறதா. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பெயர் தெரியாத மரத்திலும் நல்ல பொருள் செய்யலாம். பெயர் கட்டாயம் தெரிந்தாக வேண்டிய இடங்கள் இரண்டே: நஞ்சுள்ள மரமா என்பது, சட்டத்தில் சிக்கும் மரமா என்பது. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

மில்லில் கேட்கும்போது அங்கே புழங்கும் பெயரிலேயே கேளுங்கள். தடி பெரும்பாலும் கேரளப் பக்கத்திலிருந்து வருவதால் அயனியை ஆஞ்சிலி என்பார்கள்; கரிமருது தேம்பாவு ஆகும்; குமிழ் கும்பிள் ஆகும்; மகிழம் இலஞ்ஞி ஆகும். பட்டை ஒட்டியிருக்கும் துண்டு கிடைத்தால் பட்டையை உரிக்காமல் கொண்டுவாருங்கள். மரத்தை அடையாளம் காணப் பட்டையைவிட எளிய சாட்சி வேறில்லை. கிடைத்த அன்றே துண்டின் மேல் பென்சிலால் பெயர், தேதி, தடியின் எந்தப் பகுதி என்று எழுதிவிடுங்கள். கிளையில் அறுத்த துண்டும் அடிமரத்தில் அறுத்த துண்டும் ஒரே மரமானாலும் லேத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

அடுத்தது கனம். காய்ந்த துண்டிலிருந்து 3 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டுங்கள். அதன் கொள்ளளவு 90 கன செ.மீ. சமையலறைத் தராசில் எடை பார்த்து 90ஆல் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 54 கிராம் என்றால் 0.6. ஈரத் துண்டில் இதைச் செய்தால் கணக்கு முழுக்கத் தப்பும், ஏனென்றால் நீங்கள் நிறுப்பதில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கலாம். காய்ந்த நிலையில் ஏழிலைப்பாலை, முருங்கை, இலவு எல்லாம் 0.45க்குக் கீழே நிற்கும். ரப்பர், பிலா, அயனி, மகோகனி, தூங்குமூஞ்சி, தேக்கு ஆகியவை ஏறத்தாழ 0.5 முதல் 0.65. மா, பூவரசு, மஞ்சக்கடம்பு, வேம்பு, வாகை இவை 0.6க்கும் 0.8க்கும் நடுவே. கொய்யாவும் வேங்கையும் 0.8ஐத் தொட்டு நிற்கும். கரிமருது, சவுக்கு, புளியின் வைரம் இவை 0.85க்கு மேல். ஒரே இனத்திலும் மண்ணுக்கும் வயதுக்கும் தக்கபடி கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் இதை வேலி மாதிரி நினைக்க வேண்டாம்; எந்தக் கூட்டத்தில் தேடுவது என்று காட்ட இது போதும்.

உண்மையான அடையாளம் குறுக்குவெட்டு முகத்தில் இருக்கிறது. வாளால் அறுத்த முகத்தில் ஒன்றும் தெரியாது. நார் கசங்கிப் போயிருக்கும். புதுப் பிளேடால் ஒரு சதுர செ.மீ. அளவுக்கு மெல்லிய சீவல் ஒரே இழுப்பில் எடுங்கள். கெட்டி மரமானால் அந்த இடத்தில் முதலில் வெந்நீர் தடவி 5 நிமிடம் விட்டுச் சீவலாம். நகைக்கடைகளில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மரத்தை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

என்ன பார்க்க வேண்டும்? வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் ஒரு வரிசையாக நின்று, பிறகு சிறுத்துக்கொண்டே போனால் அது தேக்காக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கும், சீவினால் பழைய தோல் வாசனையும் சேர்ந்தால் தேக்கேதான். மலைவேம்பிலும் வளையம் இப்படித் தெரியும், ஆனால் அது லேசு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. துளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் பரவிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே குறுக்காக மெல்லிய வெளிர் கோடுகள் நெருக்கமாக ஓடி வலை பின்னியது போலத் தெரிந்தால் ரப்பர். பெரிய துளையைச் சுற்றி வெளிர் வட்டம், அது இரு பக்கமும் சிறகு விரித்தது போல நீண்டிருந்தால் பிலா அல்லது அயனி. வட்டம் மட்டும் பளிச்சென்று கண்ணுக்கே தெரிந்தால் வாகை, தூங்குமூஞ்சிக் கூட்டம். வெறுங்கண்ணுக்குத் துளையே தெரியாமல் முகம் தந்தம் போல மழமழவென்று இருந்தால் வெட்பாலையோ மஞ்சக்கடம்போ இருக்கலாம். முன்னது வெள்ளை, பின்னது மஞ்சள். வளையமே இல்லாமல் புள்ளி புள்ளியாக நார்க்கட்டு தெரிந்தால் தென்னை அல்லது பனை. பனையின் புள்ளிகள் கறுப்பு.

பிலாவுக்கும் அயனிக்கும் வித்தியாசம் தெரியாமல் நிறையப் பேர் திணறுகிறார்கள். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் திணறுவதில் தப்பில்லை. அயனி நீளமான, நேரான தடி. புதிதாக இருக்கும்போதே மஞ்சளில் பழுப்பு கலந்திருக்கும். நீளவாட்டில் துளைகள் கோடு கோடாகக் கொஞ்சம் முரடாகத் தெரியும். பிலா அதைவிடப் பளிச். கடைசலுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும், எனவே இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆனால் ‘பாலை’ என்று யாராவது கொடுத்தால் கண்டிப்பாக நேரம் செலவிடுங்கள். வெட்பாலைக்கும் ஏழிலைப்பாலைக்கும் வெள்ளை நிறம், வெட்டினால் பால் என்று இரண்டு அடையாளமும் பொது. முதலாவது கடைசலுக்கு அரசன். கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் அரக்குப் பொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான், ஆந்திரத்தில் அங்குடு கர்ர என்பார்கள். இரண்டாவது பஞ்சு போல லேசு, உளி பட்டால் பிய்யும். எடையே காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் சந்தேகம் என்றால் பலகையின் அகன்ற முகத்தைப் பாருங்கள்: ஏழிலைப்பாலையில் பால் ஓடிய இடத்தில் சில மி.மீ. நீளத்துக்குப் பிளவு பிளவாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வெட்பாலையில் இருக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் பெட்டாடின் கரைசலை ஒரு சொட்டு வெளிர் நிற மரத்தில் விட்டால், மாவுச்சத்து உள்ள மரம் கருநீலமாகும். ரப்பர் நன்றாகவே கறுக்கும். இது மரத்தை அடையாளம் காட்டுவதோடு இன்னொன்றையும் சொல்கிறது: மாவுச்சத்து உள்ள வெள்ளைப் பகுதியைத்தான் பொடி உதிர்க்கும் வண்டு தேடி வரும். இரண்டாவது, துருப்பிடித்த ஆணியை வினிகரில் இரண்டு நாள் போட்டு அந்த நீரைத் தடவுவது. துவர்ப்பு உள்ள கருவேலம், மருது எல்லாம் சில நிமிடத்தில் கறுத்துவிடும். ரப்பரில் பெரிய மாற்றம் இராது. இப்படிக் கறுக்கும் மரத்தை ஈரமாகக் கடையும்போது துண்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சக்கின் பல் பட்ட இடமெல்லாம் கறுப்புத் தழும்பு விழும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேங்கைக்கு மட்டும்: வைரத்தின் சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேயிலை நிறத் தண்ணீரில் நீல மினுக்கம் ஓடும். சர்க்கரை நோய்க்கு என்று வேங்கைக் குவளை கடைந்து விற்பதும் இந்த மரத்தில்தான். குவளை அழகான பொருள். மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பச் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி நம் பக்கத்தில் சாக்கில் கிடைக்கும் மரங்கள்.

பூவரசிலிருந்து தொடங்குவது நியாயம். குளக்கரையிலும் கடலோரத்திலும் வேலிக்கு நட்டு, வெட்டினால் விறகுக்குப் போகிற மரம். அதன் வைரம் சாக்லேட் பழுப்பில் ஊதாக் கோடு ஓட, துளை சிறுத்து, உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். ஈரமாக அறுக்கும்போது லேசான ரோஜா வாசனை வரும். பசிபிக் தீவுகளில் இதே மரத்தில் காலங்காலமாக உணவுக் கிண்ணம் கடைகிறார்கள். சிமிழ், கிண்ணம், பேனா, கைப்பிடி எதற்கும் ஆகும். குறை ஒன்று: கிளைத் துண்டில் வெள்ளைதான் அதிகம், வைரம் விரல் அளவுகூட இருக்காது. விட்டம் 8 அங்குலத்துக்குக் குறையாத அடிமரத் துண்டாகப் பார்த்து எடுங்கள். விறகுக்கடையில் இதைப் பிளந்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் மனம் வலிக்கும்.

ரப்பர் இந்த மாவட்டத்தில் தாராளம். 25 முதல் 30 வருஷம் பால் எடுத்துவிட்டு வெட்டுகிற மரம், விலை குறைவு, நார் ஓரளவு நேர், அடர்த்தி கடைசலுக்குப் பாங்கானது. ஆனால் வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறிவிடும். அதனால்தான் மில்லில் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். மருந்து ஏறாத துண்டை வாங்கினால் அன்றைக்கே பலகையாக அறுத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள், இல்லையென்றால் வண்டு விழும். பதப்படுத்திய துண்டில் பம்பரம், கதவுக் குமிழ், கைப்பிடி செய்யலாம். குழந்தை வாயில் வைக்கும் பொருளும் சாப்பாட்டுப் பாத்திரமும் வேண்டாம். இன்னொரு தொல்லை, சாய்ந்து வளர்ந்த மரத்தில் இழுவிசை பட்ட பக்கம். அந்தப் பகுதியை எவ்வளவு கூரான உளியால் கடைந்தாலும் மேலே பஞ்சு எழும்பிக்கொண்டே இருக்கும். உளியைக் குறை சொல்லாதீர்கள். துண்டைத் திருப்பி அடுத்த பக்கம் பாருங்கள். அங்கே மழமழப்பாக வந்தால் காரணம் மரம்தான். தேய்க்கும் முன் சீலர் (துளையை அடைக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு கடைசிச் சீவல் எடுத்தால் பஞ்சு அமுங்கும்.

பிலாவைப் பற்றி நம் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. மிருதங்கமும் வீணையும் அதில்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் ஒரே பிலாத்தடியில் செதுக்கிய தூண் நிற்கிறது. லேசானது, காய்ந்தபின் அதிகம் நெளியாது, கடைவதற்கு இதம். துளை பெரிது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குங்குமம் போட்டு வைத்தால் துளைக்குள் ஏறிவிடும், பூரிக்கட்டை செய்தால் மாவு அடைத்துக்கொள்ளும். 6 அங்குலக் கிண்ணம், தட்டு, விளக்குக் கால் போன்றவற்றுக்கு அருமை.

மாமரம் கிண்ணத்துக்கு ஏற்றது. நார் அலையலையாக இருக்கும் துண்டு கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். மழையில் சில வாரம் நனைந்து கிடந்த தடியில் பூஞ்சை கறுப்புக் கோடு வரைந்திருக்கும்; விரல் நகம் அழுந்தாத கெட்டியான பகுதியாக இருந்தால் அது குறையல்ல, அழகு. நகம் அழுந்தினால் மக்கிவிட்டது, லேத்தில் மாட்டினால் சிதறும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், பட்டையிலும் பாலிலும் தோலை அரிக்கும் பொருள் உண்டு. மாம்பழப் பால் பட்டால் உதடு வீங்குகிறவர்கள் ஈர மாமரத்தைக் கடைய வேண்டாம். முந்திரி மரத்தை யாருமே ஈரமாகத் தொட வேண்டாம்.

புளி என்றால் கறிக்கடைக் கட்டை ஞாபகம் வரும். வெள்ளைப் பகுதிதான் பெரும்பங்கு, அதுவே கெட்டி. நடுவில் கருஊதா வைரம் கொஞ்சம். அடர்த்திக்குத் தக்கபடி உளி சீக்கிரம் மழுங்கும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை சாணை தேவைப்படலாம். ஆனால் கடைந்து முடித்த முகம் தேய்க்காமலே மின்னும். பூரிக்கட்டைக்கும் உளிப்பிடிக்கும் இதைவிட்டால் கொய்யாதான். கொய்யா நெருக்கமான நார், பம்பரத்துக்குப் பிரமாதம்; காயும்போது வெடிப்பதில் முதலிடம்.

தூங்குமூஞ்சி சாலையோரத்தில் விழுந்தால் விடாதீர்கள். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரங்களில் அது ஒன்று. ஈரமாகவே கிண்ணம் கடைந்து முடித்தாலும் பெரிதாகக் கோணாது, முதல் கிண்ணம் கடைபவருக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. வாகையும் அதே சாயல், கனம் கொஞ்சம் கூடுதல். அதன் தூள் தும்மலைக் கிளப்பும், முகமூடி இல்லாமல் ஆகாது. செக்குக்கு வாகை தேடுகிறவர்கள் பெருகிவிட்டதால் பெரிய தடி விலை ஏறிப்போயிற்று. துண்டு இன்னும் கிடைக்கிறது.

தென்னையில் எல்லாப் பகுதியும் ஆகாது. 50 வயது தாண்டிய மரத்தின் அடிப்பகுதியில், பட்டையை ஒட்டிய 2 அங்குலம் மட்டும்தான் கெட்டி. நடுப்பகுதி சோறு, அதில் உளி வைத்தால் நார் நாராகப் பிய்ந்து வரும். கெட்டிப் பகுதியிலும் மெல்லிய சீவலாகவே எடுக்க வேண்டும், நார்க்கட்டு பெயர்ந்தால் அந்த இடத்தில் மெல்லிய ஃபெவிக்விக் ஊறவிட்டுக் காய்ந்த பிறகு தொடருங்கள். பேனா, கரண்டிக் கைப்பிடி, சாவிக்கொத்துக் குமிழ் நன்றாக வரும். பனை இதைவிட முரடு. சிம்பு கையில் ஏறினால் சீழ் பிடிக்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, மணலில் இருக்கும் சிலிக்காவும் உண்டு. சிலிக்கா உளியை மழுக்கும். எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வேம்பும் புன்னையும் நார் மாறி மாறிச் சாயும் மரங்கள். அவற்றில் மெல்லிய வேலைப்பாடு வேண்டாம், உருளை மட்டும் செய்யுங்கள். மஞ்சணத்தி கிடைத்தால் சிமிழுக்கு எடுங்கள். பளிச் மஞ்சள் வெளிச்சத்தில் மங்கும், ஆனால் துளை நுணுக்கமாக இருக்கும்.

தொடக்கூடாதவை. அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை முதல் வேர் வரை நஞ்சு. கிளை உருண்டையாக, வெள்ளையாக, கடையத் தோதாக இருப்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். எட்டியை, அதாவது கேரளத்தார் சொல்லும் காஞ்ஞிரத்தை, உணவுப் பொருளுக்கும் பொம்மைக்கும் எடுக்காதீர்கள். கழிமுகத்துத் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மலைப்பக்கத் தடியில் சேரு மரம் கலந்து வருவதுண்டு: பட்டையின் வெட்டில் வடிந்த பால் கறுத்து மை போல உறைந்திருக்கும், பட்டால் தோல் கொப்பளிக்கும். பட்டையோரம் கறுத்த பிசின் காய்ந்திருக்கும் துண்டை வெறுங்கையால் எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பழைய பேக்கிங் பெட்டிப் பலகையும், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டமும் வேண்டாம். சட்டத்தைப் பொறுத்தவரை சந்தனம், செஞ்சந்தனம், ஈட்டி (ரோஸ்வுட்) மூன்றையும் பில் இல்லாமல் கையில் வைக்காதீர்கள். ஈட்டிக்கென்று தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். துண்டு சிறியதாயிற்றே என்பது பதில் ஆகாது. பழைய வீட்டு ஈட்டிக் கட்டில் கால் என்றால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சீட்டாவது வாங்கி வையுங்கள்.

உலர்த்துவதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. இங்கே நிழலில் நன்றாகக் காய்ந்த மரத்தில்கூட 12 முதல் 16 சதவீத ஈரம் இருக்கும். வெட்டிய அன்றே இரண்டு குறுக்குமுகத்திலும் உருக்கிய மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூசுங்கள். குறுக்குமுகம் வழியாகத்தான் தண்ணீர் மிக வேகமாக வெளியேறும். அது உள்பகுதியை முந்திக்கொண்டு சுருங்குவதால்தான் நட்சத்திர வெடிப்பு வருகிறது. நட்டநடுச் சோறு உள்ளே இருக்கும்படி உருளையாக விடாதீர்கள். நடுவே பிளந்து சோற்றுப் பகுதியை நீக்கிவிட்டு அடுக்குங்கள். 6 அங்குலக் கொய்யாக் கிளையை இப்படிப் பிளந்தால் இரண்டு பம்பரம் கிடைக்கும். பிளக்காமல் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. துண்டுகளுக்கு நடுவே அரை அங்குலச் சட்டம் வைத்து, தரையைத் தொடாமல், வெயில் படாமல் அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே துண்டை நிறுத்து எழுதிவாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் கடையலாம். அங்குலக் கனத்துண்டு மூன்று நான்கு மாதம் கேட்கும், 3 அங்குலம் ஒரு வருஷத்தைத் தாண்டும்.

காத்திருக்க முடியாது என்றால் கிண்ணத்தை இரண்டு தவணையாகக் கடையுங்கள். ஈரத்திலேயே உருவம் எடுத்து, சுவர்க்கனத்தை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விடுங்கள். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 15 மி.மீ. அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் கட்டி வைத்தால் மெதுவாகக் காயும். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு. அதனால் வட்டம் முட்டை வடிவமாகும். அந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் 15 மி.மீ. விட்டது. எடை நின்றபின் மறுபடி மாட்டி 6 மி.மீ.க்கு இறக்குங்கள்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் சீவ வேண்டும். எதிர்த் திசையில் போனால் ஆதரவில்லாத நார் பிய்யும். நீளவாட்டுப் பொருளில் எப்போதும் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு. வேகத்துக்கு ஒரு கணக்கு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வரட்டும். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. உருவம் சமன்படும் வரை 500ஐத் தாண்ட வேண்டாம்.

பம்பரத்துக்கு இரண்டே கால் அங்குலச் சதுரம், 4 அங்குல நீளம், நார் அச்சோடு நேராக. ஆணித் துளையை லேத்திலேயே, டெயில் ஸ்டாக்கில் (துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) டிரில் சக் மாட்டிப் போடுங்கள். கையால் போட்டால் அரை மி.மீ. விலகினாலும் பம்பரம் ஆடும், தூங்காது. 3 மி.மீ. ஆணிக்கு இரண்டரை மி.மீ. துளை, துளை இல்லாமல் அடித்தால் கொய்யாவும் புளியும் பிளந்துவிடும்.

சிமிழுக்கு மஞ்சக்கடம்பு, பூவரசு, வெட்பாலை, மஞ்சணத்தி. மூடியும் உடலும் ஒரே துண்டிலிருந்து வரட்டும். உள்ளே பாதி குடைந்துவிட்டு இரண்டு வாரம் அலமாரியில் வைத்த பிறகே மூடியைப் பொருத்துங்கள். குடைந்ததும் உள்ளிருந்த இறுக்கம் தளர்ந்து மரம் சற்று அசையும். சித்திரை வெயிலில் கச்சிதமாகப் பொருத்திய மூடி ஆடி மழையில் திறக்காது, அதனால் வறண்ட மாதத்தில் செய்தால் ஒரு துளி தளர்வாக விடுங்கள். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான்களுக்கு (பிள்ளைகள் விளையாடும் குட்டிப் பாத்திரங்கள்) பழைய நாளில் மஞ்சக்கடம்பைத் தேடிப் போனதற்குக் காரணம் நிறம் மட்டுமல்ல; கூரான விளிம்பு வைத்தாலும் அந்த மரம் பொரிந்து உதிராது.

பூரிக்கட்டைக்கு நார் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் பார்த்து ரேகை சாய்ந்து வெளியேறினால் அது ஒரு மழைக்காலத்தில் வளையும். ஒன்றரை அங்குல விட்டம், 13 அங்குல நீளம் தாராளம். கிலுகிலுப்பைக்கு வெட்பாலை முதல், மஞ்சக்கடம்பு அடுத்து. ஒட்டிய பாகமே இல்லாமல், தண்டிலேயே தளர் வளையங்களை விட்டுக் கடைவது பாதுகாப்பு. வளையத்தின் உள்விட்டம் தண்டின் முனைக் குமிழைவிடச் சிறுத்திருக்க வேண்டும், வளையக் கனம் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

உப்புத்தாள் 120இல் தொடங்கி 180, 240, 320 என்று ஒன்றையும் தாண்டாமல் போக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, நாரின் திசையில் கையால் நாலு இழுப்பு. 120க்கே போக முடியாதபடி நார் பிய்ந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; உளியைச் சாணை பிடித்து இன்னொரு மெல்லிய சீவல் எடுப்பதுதான் வழி.

சாப்பாட்டுப் பொருளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. அது உலராது, நாளடைவில் பிசுக்காகி வாடை அடிக்கும். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் நல்ல தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு உணவுத்தர மினரல் ஆயிலில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் பசை மாதிரி நிற்கும். துணியால் தேய்த்து, அரை மணி கழித்துத் துடைத்துவிடுங்கள். பொம்மைக்கு அரக்குக் கட்டியை ஓடும் லேத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் பிடிக்கும், மேலே தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். பெரிய துளை உள்ள பிலாவிலும் தேக்கிலும் அரக்கு துளைக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். வெட்பாலையிலும் மஞ்சக்கடம்பிலும்தான் அது கண்ணாடி போல ஒரே பரப்பாகப் படியும்.